ஊருக்கு முன்னே ஓடிய ரயில்

ஒரு நகரத்தில் புறநகர் ரயில் போக்குவரத்தை எப்பொழுது தொடங்க வேண்டும்? ஜனங்கள் பெருகி, தெருக்கள் நெரிந்து, பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பிரயாணம் செய்யும் நிலை வந்த பிறகா? அல்லது அந்த நிலை வருவதற்கு முன்பாகவே, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவில் தண்டவாளம் போட்டு, வண்டியை ஓடவிட்டு, குடிகள் வந்து சேரும் வரையில் காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி இன்று நம் நாட்டின் பல நகரங்களில் எழுந்திருக்கிறது. ஜெய்ப்பூரில் 2015-லும், கொச்சியிலும் லக்னோவிலும் 2017-லும், நாகபுரியில் 2019-லும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. இவ்வூர்களிலெல்லாம் உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் குடியேறிய தமிழர் உண்டு. புதிய வண்டியைக் கண்டு பெருமை கொள்வோர் ஒருபுறம் இருக்க, "வண்டி பாதி காலியாக ஓடுகிறதே, இத்தனை கோடி செலவு எதற்கு?" என்று கேட்போரும் எந்த ஊரிலும் இல்லாமற் போவதில்லை.

அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. பொதுப்பணத்தைக் கொண்டு செய்யும் காரியத்துக்குக் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பார்ப்பது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். இதற்குச் சரித்திரத்தில் நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று இருக்கிறது. அது 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு ஓடத் தொடங்கிய மின்சார ரயிலின் வரலாறு.

இந்தியாவில் மின்சார ரயிலை முதலில் கண்ட நகரம் பம்பாய். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லாவுக்கு அந்த வண்டி புறப்பட்டது. 1928-ல் மேற்குக் கரையோரமாகக் கொலாபாவிலிருந்து போரிவிலிக்கும் மின்சார வண்டிகள் ஓடலாயின. பம்பாய்க்கு அது தவிர்க்க முடியாத தேவை. அந்நகரம் மூன்று புறமும் கடல் சூழ்ந்த, நீண்டு குறுகிய நிலம். பஞ்சாலைகளும் துறைமுகமும் தென்கோடியிலும் நடுப்பகுதியிலும் நெருங்கியிருந்தன. 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஜனத்தொகை ஏறத்தாழ 12 லட்சம். 1896-ல் வந்த பிளேக் நோய், ஜனங்களை இப்படி ஓரிடத்தில் அடைத்து வைப்பது எத்தகைய ஆபத்து என்பதைக் கசப்பாகப் போதித்திருந்தது. அதன் விளைவாக 1898-ல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட் வடக்கே தாதர், மாதுங்கா ஆகிய பகுதிகளில் மனைகளை வகுத்தது. மாதுங்காவின் தமிழ்க் குடும்பங்கள் பல, இந்த ஏற்பாட்டின் நிழலில் வேரூன்றியவையே. இருப்பினும் பம்பாயில் கூட்டம் முன்னே நின்றது. ரயில் அதன் பின்னே வந்து சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லலாம்.

சென்னையின் நிலையோ முற்றிலும் வேறு. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் ஜனத்தொகை சுமார் ஆறரை லட்சம். அதாவது பம்பாயின் பாதியைவிடச் சற்றே மிகுதி. நகர எல்லையோ 30 சதுர மைலுக்குச் சற்றுக் குறைவாகப் பரந்து கிடந்தது. கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் விட்டால், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர் என்று தனித்தனிக் கிராமங்களாக இருந்தவை ஒன்று சேர்ந்ததே சென்னைப் பட்டணம். அவற்றின் இடையிடையே தோட்ட வீடுகளும், தென்னந்தோப்புகளும், ஏரிகளும், நெல்வயல்களும் இருந்தன. ராஜதானியின் தலைநகரம் என்ற பெருமை இருந்ததே ஒழிய, அன்றைய அளவில் அதை நடுத்தரமான நகரம் என்றே கொள்ள வேண்டும்.

இத்தகைய ஊரில் மின்சார ரயிலுக்கு என்ன அவசியம் என்று எவரேனும் கேட்டிருந்தால் வியப்பில்லை. ஏனெனில் நகரத்துக்குள் பிரயாணம் செய்ய டிராம் இருந்தது. 1895-ஆம் ஆண்டிலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். 1920-களில் மோட்டார் பஸ்களும் தெருக்களில் ஓடின. தெற்கே போக நீராவி ரயிலும் இருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை 1870-களிலேயே சென்னையைச் செங்கற்பட்டு மார்க்கமாகத் தென்மாவட்டங்களோடு இணைத்துவிட்டது. 1908-ல் எழும்பூரில் அதன் அழகிய நிலையக் கட்டடமும் எழுந்தது. தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் போகும் வண்டிகள் அந்தப் பாதையில் கிண்டியையும் பல்லாவரத்தையும் தாண்டித்தான் சென்றன. ஆனால் ஒரு பாதையில் நெடுந்தூர வண்டிகள் போவது வேறு. அரைமணிக்கும் கால்மணிக்கும் ஒரு வண்டி வந்து, அலுவலகம் செல்பவனை ஏற்றிச் சென்று, மாலையில் வீட்டில் இறக்கிவிடுவது வேறு.

நீராவி எஞ்சினால் அந்த இரண்டாவது வேலையைச் செவ்வனே செய்ய முடியாது. அதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். புறநகர் வண்டி ஒரு மைலுக்கு ஒரு முறை நிற்க வேண்டும். நின்ற வண்டி மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கனத்த எஞ்சின் மெல்ல மெல்ல வேகமெடுத்து, உடனே வேகத்தைக் குறைத்து நிற்பதிலேயே நேரமும் நிலக்கரியும் வீணாகும். கடைசி நிலையம் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி, மறுபுறம் கொண்டுபோய்ப் பூட்டி, தண்ணீர் பிடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். மின்சார வண்டித் தொடருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதன் மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே அமைந்திருக்கின்றன. இரு கோடியிலும் ஓட்டுநர் அறை உண்டு. தாம்பரம் வந்து சேர்ந்த வண்டியின் ஓட்டுநர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து சென்றால், சில நிமிஷங்களில் வண்டி திரும்பிப் புறப்படத் தயார். நின்ற நிலையிலிருந்து விரைவாக வேகமெடுப்பதால், அதே பாதையில் அதிக வண்டிகளை ஓட்டலாம். அடிக்கடி வண்டி வரும் என்ற உறுதியே புறநகர்ப் போக்குவரத்தின் உயிர்நாடி.

ஆனால் இந்த உறுதியைத் தர ரயில்வே நிர்வாகம் பெரும் செலவை ஏற்க வேண்டியிருந்தது. நெடுந்தூர வண்டிகளும் புறநகர் வண்டிகளும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாதபடி பாதைகளை விரிவாக்க வேண்டும். நிலையங்களில் பிளாட்பாரங்களை மாற்றி அமைக்க வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 18 மைல், அதாவது ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரம் தலைக்கு மேல் மின்கம்பி இழுக்க வேண்டும். வண்டிகளைப் பராமரிக்கத் தாம்பரத்தில் பணிமனை அமைக்க வேண்டும். இவ்வேலைகள் 1920-களின் பிற்பகுதியில் நடைபெற்றன. 1,500 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்கும் வண்டிகள் 1931-ல் ஓடத் தொடங்கின. பம்பாயில் ஓடியவை அகலப்பாதை வண்டிகள். சென்னையில் ஓடியவையோ ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய தண்டவாளத்தின் மேல் ஓடின. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடிய ஒரே தடம் இதுவே. பிற்காலத்தில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டபோதிலும், வேறு எங்கும் மீட்டர் கேஜ் மின்மயமாகவில்லை.

காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். 1931 உலகெங்கும் பொருளாதார மந்தம் கவிந்திருந்த ஆண்டு. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. ரயில்வேக்களின் வருமானமும் குறைந்தது. இத்தகைய வேளையில் ஒரு நடுத்தர நகரத்தின் தெற்கே, பெரும்பாலும் ஏரிக்கரையும் வயலுமாயிருந்த வழியில், மின்சார வண்டி ஓட ஆரம்பித்தது. இந்தியாவின் மற்றொரு மாநகரமான கல்கத்தாவைப் பாருங்கள். அது சென்னையைவிட நெருக்கமானது. சணல் ஆலைகள் ஹூக்ளி நதியின் இரு கரையிலும் நிறைந்திருந்தன. அங்கே ஹௌராவிலிருந்து ஷியோராபுலிக்கு முதல் மின்சார ரயில் ஓடியது 1957-ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஆக, கல்கத்தாவுக்கு 26 ஆண்டுகள் முன்னதாகவே சென்னை அந்த வசதியைப் பெற்றது. கூட்டத்தின் அளவு ஒன்றே ரயிலுக்கு அளவுகோல் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

பின் இது எப்படி நடந்தது? நகரம் எந்தத் திசையில் வளரப்போகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது என்பதே அதற்கு விடை. 1920-ல் சென்னை ராஜதானியில் நகர அமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. நுங்கம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே பரந்து கிடந்த நெடிய ஏரியின் பகுதியைத் தூர்த்து, மாம்பலத்தில் புதிய குடியிருப்பு ஒன்றை அமைக்கும் திட்டம் 1920-களின் இடையில் தொடங்கிற்று. அதற்கு ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் சூட்டப்பட்டது. அதுவே தியாகராய நகர். அதன் நடுவே பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா அமைந்தது. உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை என்று அக்காலப் பிரமுகர்களின் பெயர்கள் தெருக்களுக்கு வந்தன. அகலமான சாலைகளும், ஒழுங்கான மனைகளும் கொண்ட அப்பகுதியில் நடுத்தர வகுப்பினர் வீடு கட்டத் தொடங்கினர். ஆனால் கோட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும் உத்தியோகம் பார்ப்பவர் தினந்தோறும் மாம்பலத்திலிருந்து எப்படிப் போவது? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது மின்சார ரயில்.

இந்தத் தடத்தின் சிறப்பு அதன் இரு முனைகளிலும் இருக்கிறது. வடமுனையில் கடற்கரை, கோட்டை, பூங்கா ஆகிய மூன்று நிலையங்கள். கடற்கரையில் இறங்கினால் துறைமுகமும், பாங்குகளும், தபால் தலைமை நிலையமும், வியாபாரக் கம்பெனிகளும் நடை தூரத்தில். கோட்டை நிலையத்தில் இறங்கினால் அரசாங்கச் செயலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். பூங்கா நிலையத்துக்கு எதிரே சென்ட்ரல். அருகில் பொது மருத்துவமனையும், நகராட்சியின் ரிப்பன் மாளிகையும். அலுவலகம் செல்பவருக்கு வண்டியை விட்டு இறங்கிய பிறகு வேறொரு வாகனம் தேட வேண்டிய அவசியம் இல்லை. தென்முனையிலோ மலிவான நிலம். பம்பாயில் ஒரு குடும்பம் ஒற்றை அறையில் நெருங்கி வாழ்ந்த காலத்தில், மாம்பலத்திலும் அதற்கு அப்பாலும் ஒரு குமாஸ்தா கிணறும் முருங்கை மரமும் உள்ள வீட்டைக் கனவு காண முடிந்தது. இவ்விரு முனைகளையும் ஒரு மாதச் சீட்டு இணைத்தது.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஊர் அதன் பின்னே நடந்து வந்தது. நிலையம் நிலையமாக அந்த நடையை நாம் பார்க்கலாம். நுங்கம்பாக்கத்தில் நிலையத்தை அடுத்து 1925-ல் தோன்றிய லயோலா கல்லூரி வளர்ந்தது. கோடம்பாக்கம் 1940-களின் பிற்பகுதியிலிருந்து திரைப்பட ஸ்டூடியோக்களின் இருப்பிடமாகித் தென்னிந்தியா முழுவதற்கும் ஒரு பெயராயிற்று. கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை ஏற்பட்டது. தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் பெயராலேயே வழங்கிய குரோம்பேட்டை, குடியிருப்பாகப் பெருகிற்று. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ஒரு நிலையம் நிற்கிறது. சுத்தமான காற்றுக்காக நோயாளிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம் அது. பிறகு ஊரே அதைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

இவற்றுள் மிகவும் பொருள் பொதிந்த நிகழ்ச்சி, 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரில், பல தலைமுறைகளாக இருந்த ஒரு பழம்பெரும் கல்லூரி, 18 மைல் தள்ளிக் காட்டுப் பாங்கான நிலத்துக்குப் போவதென்றால் அது சாதாரண முடிவு அன்று. விடுதிகளில் மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரியாக அது திட்டமிடப்பட்டது உண்மையே. என்றாலும் பட்டணத்தோடு உள்ள தொடர்பு அறுந்துவிடாது என்ற தைரியம் வேண்டுமல்லவா? அந்தத் தைரியத்தை அளிக்கத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்கெனவே காத்திருந்தது. ஒரு வண்டித் தடம் நிலைத்தது என்பதற்கு இதைக் காட்டிலும் சாட்சி என்ன வேண்டும்? அந்த வண்டி நாளையும் வரும், பத்தாண்டு கழித்தும் வரும் என்று நம்பி ஒரு ஸ்தாபனம் தன் எதிர்காலத்தை அதன் அருகில் கொண்டுபோய் வைக்கிறது.

வாழ்க்கை முறையிலும் மாறுதல் நேர்ந்தது. உத்தியோகம் பார்க்கும் இடத்தை ஒட்டியே குடியிருக்க வேண்டும் என்ற பழைய நியதி தளர்ந்தது. வீட்டு வாடகைக்கும் ரயில் கட்டணத்துக்கும் கணக்குப் போட்டு, "மாம்பலமா, பல்லாவரமா?" என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் சிறு வருவாய்க்காரருக்கும் கிட்டியது. அடுக்களையில் சமையல் முடியும் நேரத்தை வண்டி நேரம் நிர்ணயித்தது. காலை வண்டிகளில் தினந்தோறும் ஒரே பெட்டியில் ஒரே முகங்கள் சந்தித்தன. அங்கே செய்தித்தாள் கைமாறியது, சீட்டுக்கட்டு விரிந்தது, பெண்ணுக்கு வரன் பேசியவர்களும் இருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய பிற்காலத்தில், மகளிர்க்கெனத் தனியே விடப்பட்ட பெட்டிகள் அவர்களுக்குப் பெரும் துணையாயின. பம்பாயிலும் கல்கத்தாவிலும் புறநகர் வண்டியேறிப் பழகிய நம்மவர்க்கு இந்தக் காட்சிகளை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் வரலாறு எழுதுவோர் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கக் கூடாது. புதிய குடியிருப்புக்காகத் தூர்க்கப்பட்டது ஓர் ஏரி. மேற்கு மாம்பலத்தில் ஏரி தெரியும் சாலை என்று பொருள்படும் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையின் பெயரைத் தாங்கிய சாலை இருக்கிறது. ஏரிதான் இல்லை. மழைநீர் தான் தங்கிய இடத்தை எளிதில் மறப்பதில்லை என்பதைப் பெருமழைக் காலங்களில் சென்னை மக்கள் உணர்கிறார்கள். மேலும், ஊரை இணைத்த அதே தண்டவாளம் ஊரை இரண்டாகவும் பிரித்தது. அடிக்கடி வண்டி ஓடினால் லெவல் கிராஸிங்குகள் அடிக்கடி மூடப்படும். கோடம்பாக்கம் ரயில்வே கேட்டில் மாட்டு வண்டியும் மோட்டாரும் வரிசையாக நின்று காத்திருந்த காலம் நீண்டது. 1965-ல் மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னரே அங்கே அந்தத் துன்பம் நீங்கியது. ரயிலைத் திட்டமிட்டவர்கள் பாலத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தால், ஒரு தலைமுறையின் காத்திருப்பு மிச்சமாகியிருக்கும்.

நிர்வாகம் பல கைகள் மாறியது. 1944-ல் தென்னிந்திய ரயில்வே அரசாங்கத்தின் வசமாயிற்று. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி சென்னை-தென் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் இதனுடன் சேர்ந்து தெற்கு ரயில்வே உருவாயிற்று. 1953-ல் டிராம் கம்பெனி முடங்கி, தெருக்களிலிருந்து டிராம்கள் மறைந்தன. இந்தியாவுக்கே வழிகாட்டியாக வந்த டிராம் போயிற்று. அதன் பின் வந்த மின்சார ரயில் நிலைத்தது. பஸ்ஸோடும் மோட்டாரோடும் ஒரே தெருவில் இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருந்தது டிராம். ரயிலுக்கோ தனி வழி இருந்தது. 1960-களில் நேர் மின்னோட்டம் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டமாயிற்று. பின்னர் அகலப்பாதை வந்தது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் ஓய்வு பெற்றன. பெட்டி மாறிற்று, தண்டவாளம் மாறிற்று, மின்சாரத்தின் வகையும் மாறிற்று. 1931-ல் வகுத்த தடமும், அதில் அடிக்கடி வண்டி விடும் வழக்கமும் மாறவில்லை.

இதிலிருந்து, எங்கே தண்டவாளம் போட்டாலும் ஊர் தானே வந்து சேரும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதற்கு எதிரான சாட்சியத்தைத் தலைநகர் டில்லியிலேயே காணலாம். அங்கே 1975-ல் சரக்கு வண்டிகளுக்காக நகரைச் சுற்றி ஒரு வட்ட ரயில் பாதை அமைந்தது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு, சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பிரயாணி வண்டிகளுக்கு முக்கியத்துவம் அளிக்கப்பட்டது. சரோஜினி நகர், லோதி காலனி, சேவா நகர் என்று அதன் நிலையங்களின் பெயர்களைப் படித்தாலே, மத்திய சர்க்கார் ஊழியர்களாகச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றும் தெரிந்த இடமாக இருக்கும். ஆயினும் அந்த நிலையங்களுக்கு வண்டியேறப் போனவர் எத்தனை பேர்? போட்டிகள் முடிந்தன. வண்டிகள் சிலவே ஓடின. நிலையத்தையும் பஸ் நிற்கும் இடத்தையும் இணைக்கும் நல்ல வழி இல்லை. ஜனங்கள் பஸ்ஸையே நாடினர். ஊர் நடுவே தண்டவாளம் இருந்தும், அது ஊருக்குப் பயன்படாமல் கிடந்தது.

சென்னையிலேயே இரண்டாவது உதாரணம் ஒன்றும் உண்டு. கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-லும், திருமயிலைக்கு 1997-லும், வேளச்சேரிக்கு 2007-லும் பறக்கும் ரயில் நீண்டது. அது ஓடிய பகுதி ஜன நெருக்கம் மிகுந்த திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும். கூட்டத்துக்குக் குறைவில்லை. இருந்தும் பல ஆண்டுகள் அதன் பெரிய நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பஸ் ஏறும் இடத்துக்கும் ரயில் ஏறும் இடத்துக்கும் தொடர்பின்மையும், நிலையங்களின் இருண்ட நுழைவாயில்களும் பிரயாணிகளைத் தள்ளி நிறுத்தின. தாத்தாவுக்கு 1931-ல் கிட்டிய வசதி, பேரனுக்குக் கான்கிரீட்டில் கட்டிக் கொடுத்தும் முழுமையாகக் கிட்டவில்லை.

ஹைதராபாதின் அனுபவம் மூன்றாவது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி அங்கே எம்.எம்.டி.எஸ். என்னும் புறநகர் ரயில் தொடங்கிற்று. புதிய பாதை போடாமல், இருந்த பாதைகளையே செப்பனிட்டு, மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்துகொண்டு செய்த சிக்கனமான முயற்சி. லிங்கம்பள்ளியிலும் பலக்நுமாவிலும் வசித்து நகருக்குள் வேலைக்கு வரும் சிறு வருவாய்க்காரருக்கு அது பெரும் உபகாரம். செகந்தராபாதின் பழைய தமிழ்க் குடியிருப்புகளைச் சேர்ந்தோரும் அதன் பயனை அனுபவித்தவர்களே. ஆனால் நெடுந்தூர வண்டிகள் ஓடும் பாதையிலேயே புறநகர் வண்டியும் ஓட வேண்டியிருந்ததால், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு இது ஒதுங்கி நிற்க நேர்ந்தது. கால அட்டவணை நம்பகமாக இல்லாத வண்டியை, காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டியவர் எப்படி நம்புவார்? 1931-ல் சென்னையில் பாதைகளை விரிவாக்கச் செய்த செலவின் அருமை இங்கேதான் புலனாகிறது.

இம்மூன்றையும் தாம்பரம் தடத்தோடு ஒப்பிட்டு நோக்கினால், காத்திருப்பது பயன் தருவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்பது விளங்கும். முதலாவது, வண்டி அடிக்கடி வர வேண்டும். குறித்த நேரத்தில் வர வேண்டும். பிரயாணிகள் குறைவாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் செலவைக் குறைக்க வண்டிகளைக் குறைப்பது, முளைத்த பயிருக்குத் தண்ணீரை நிறுத்துவதைப் போன்றது. இரண்டாவது, ஒரு முனையாவது மக்கள் வேலை செய்யும் இடத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்றாவது, மறுமுனையில் சாதாரண மனிதன் குடியேறத்தக்க நிலமும், அதை முறையாக வகுக்கும் ஏற்பாடும் வேண்டும். தியாகராய நகரை வகுத்தவர்களும் மின்சார ரயிலை வகுத்தவர்களும் வெவ்வேறு நிர்வாகத்தினர். ஆயினும் இரண்டு காரியங்களும் ஒரே பத்தாண்டுக்குள் கூடி வந்தன. நான்காவது, கட்டணம் சிறு வருவாய்க்காரருக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். மாதச் சீட்டின் விலை ஏறி, வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டால், ஊருக்கு வெளியே குடிபோவதில் எவருக்கும் லாபமில்லை.

நகரங்களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இன்று வயலாயிருப்பது நாளை மனையாகிறது. அதற்கு அடுத்த நாள் அங்கே தண்டவாளத்துக்கு இடமே கிடைப்பதில்லை. கூட்டம் சேர்ந்த பிறகு பாதை போட முற்பட்டால், வீடுகளை இடிக்க வேண்டும், அல்லது பூமிக்கு அடியில் தோண்ட வேண்டும், அல்லது ஆகாயத்தில் தூண் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றும் பன்மடங்கு செலவு. வீடிழந்து அந்தச் செலவைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. எனவே நடுத்தர நகரங்கள் தமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எண்ணுவதே பெரிய இழப்பு. பாதைக்கு இடம் மலிவாக அகப்படுவது நடுத்தர நகரமாக இருக்கும் வரையில்தான்.

நாம் வாழும் ஊர்களில் புதிய ரயில் வரும்போது, முதலாண்டின் வெற்று இருக்கைகளை எண்ணி அதன் தலைவிதியை எழுதிவிட வேண்டாம். அதே சமயம் திறப்பு விழாவின் பூமாலைகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வண்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை வருகிறது, நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க வழியிருக்கிறதா, பஸ் அதன் வாசலில் நிற்கிறதா, பாஸ் வாங்கக் கட்டுப்படியாகிறதா என்று கேட்போம். இவற்றுக்குச் சரியான பதில் கிடைக்கும் வரையில் அந்தந்த ஊரின் நிர்வாகத்தாரை விடாமல் கேட்பது, அங்கே குடியேறியவர் என்ற முறையில் நமக்கும் உரிய கடமை. ஆறரை லட்சம் பேர் வாழ்ந்த சென்னையில், வயல்களுக்கு நடுவே ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தில், இன்று காலை வேளையில் நிற்கவும் இடம் கிடைப்பது அரிது.